கிணற்றைத் தேடி வந்த கம்பி

1972-ஆம் ஆண்டின் நடுவில் கோவை நகரம் மாட்டு வண்டிகளால் ஸ்தம்பித்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்த வண்டிகள் முக்கியச் சாலைகளில் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தப்பட்டன. பஸ் ஓடவில்லை, லாரி நகரவில்லை. வந்தவர்கள் கேட்டது தண்ணீரோ உரமோ நெல்லுக்கு விலையோ அல்ல. பம்ப்செட் மின்சாரத்துக்கு அரசு ஏற்றிய கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. யூனிட்டுக்குச் சில பைசா விவகாரம். கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைக்கும் வேலையிலிருந்து மாடுகளை விடுவித்ததே அந்த மின்சாரம்தான். அதன் விலையைக் கேட்பதற்கு மாடுகளையே பூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கொங்கு வட்டாரத்து மின்சாரத்தின் கதையை இந்த இடத்தில் தொட்டால் முன்னும் பின்னும் போவது எளிது. மின்கம்பி எந்த வழியாகப் போகும், யாருக்கு முதலில் கிடைக்கும், என்ன விலை என்பதையெல்லாம் அலுவலகத்தில் வரைபடம் போட்டவர்கள் மட்டும் தீர்மானித்ததாக இங்கே சொல்லிவிட முடியாது. ஊர்க்காரர்களும் தீர்மானித்தார்கள். ஆனால் அவர்களை அழைத்து உட்காரவைத்து யாரும் கேட்டதில்லை. மனுப் போட்டு, முன்பணம் கட்டி, சாலையை மறித்து, ஓட்டுப் போட்டுத்தான் அவர்கள் தங்கள் எண்ணத்தைச் சொன்னார்கள். கம்பியின் இன்றைய தளர்ச்சிக்கும் அந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

பவானி, நொய்யல், அமராவதி ஆற்றோரங்களை விட்டால் கொங்கில் ஆற்றுப் பாசனம் குறைவு. மற்றதெல்லாம் கிணற்றை நம்பிய தோட்டம், மழையை நம்பிய காடு. கிணறு வெட்டுவது என்றால் பாறையை உடைப்பது என்று பொருள். வெட்டி முடித்தபின் நீரை மேலே கொண்டுவரக் கவலைதான் வழி. ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, நீர் நிரம்பிய சால் மேலே வரும். அதன் தும்பிக் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே வேலை. நீர்மட்டம் இறங்க இறங்க வடம் நீளும், மாடு களைக்கும், நனையும் நிலம் சுருங்கும். எவ்வளவு நிலத்தில் பயிர் வைக்கலாம் என்பதை மழைக்கு அடுத்தபடியாக மாட்டின் வலுதான் முடிவு செய்தது.

வசதி உள்ளவர்கள் ஆயில் இன்ஜின் வாங்கினார்கள். கோவையில் 1926-இல் உருவான பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்கூடத்தில் பம்புகள் வார்க்கப்பட்டன. பம்ப் ஏற்கெனவே இங்கே செய்யப்பட்டு வந்தது, அதைச் சுழற்ற மலிவான சக்திதான் இன்னும் வரவில்லை.

அது நீலகிரியிலிருந்து வந்தது. சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் 1920களில் சட்ட உறுப்பினராக இருந்த சி.பி. ராமசாமி ஐயர் பைகாரா, மேட்டூர் ஆகிய இரண்டு திட்டங்களுக்காகவும் வாதாடி வழி திறந்தவர். மாகாண அரசு 1927-இல் மின்சாரத்துக்கென்று தனித் துறை அமைத்தது; ஹென்றி ஹவர்ட் தலைமைப் பொறியாளரானார். 1929-இல் பைகாராவில் கட்டுமானம் தொடங்கியது. கிளன்மார்கன் பக்கத்து மேட்டிலிருந்து சிங்காரா வரை ஏறக்குறைய 3,000 அடி உயரத்தைக் குழாய்க்குள் இறங்கிவரும் நீர், அடியில் சக்கரத்தைச் சுழற்றும். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி மின் நிலையங்களில் ஒன்று அது. 1932-இல் மின்சாரம் கோவைக்கு இறங்கியது.

அதற்காகக் காத்திருந்தவை பஞ்சாலைகள். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த வருடங்களில் கோவையில் புதிய ஆலைகள் வரிசையாக எழுந்தன. நிலக்கரியும் புகைபோக்கியும் இல்லாமல் ஆலை நடத்தலாம் என்ற நிலை வந்ததும், தோட்டத்து வருமானம் வைத்திருந்த குடும்பங்கள் ஆலை முதலாளிகளாகத் துணிந்தன. 1937-இல் மேட்டூர் அணையடியில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பைகாராவும் மேட்டூரும் ஈரோட்டில் இணைக்கப்பட்டன. இரண்டு ஆறுகளின் நீர் ஒரே கம்பித் தொடரில் சேர்ந்தது. அதே 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் கோவையில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். மின்சாரம், மோட்டார், பம்ப் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைத்தபிறகு பாக்கி இருந்தது கிணறு மட்டும்தான். அதுதான் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருந்ததே!

நீர்மின் நிலையத்துக்கு ஒரு குணம் உண்டு. கட்டும்போது ஆகும் செலவுதான் பெரும் செலவு. கட்டி முடித்தபின் மின்சாரத்தை வாங்க ஆள் சேரச் சேரத்தான் போட்ட பணம் திரும்பும். ஆலைகளுக்குப் போகிற கம்பி தோட்டங்களின் ஊடாகத்தான் போனது. வழியில் இருக்கும் கிணறுகளையும் வாடிக்கையாளர்களாக்குவது துறைக்கு லாபம், விவசாயிக்கு விடுதலை. அப்படித்தான் இந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்குள் மின்சாரம் நுழைந்தது. வீட்டு விளக்குக்காக வந்து பிறகு வயலுக்குப் போகவில்லை. கிணற்றுக்காக வந்து, போகிற போக்கில் வீட்டையும் தெருவையும் எட்டிப் பார்த்தது.

இந்த வரிசையில் ஓர் அநீதி ஒளிந்திருந்தது. கிணறு வைத்திருந்தவர் நிலம் வைத்திருந்தவர். நிலமற்றவர்களின் குடியிருப்புக்கு மின்கம்பி போக அதே கணக்கு உதவவில்லை. கிராமம் மின்மயமானது என்று ஏட்டில் பதிவாகிவிடும். ஊரை அடுத்த சேரியில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்துகொண்டிருக்கும். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு மின்சாரம் தருவதை அரசு பின்னாளில் தனித் திட்டமாக அறிவிக்க வேண்டி வந்ததும், மின்வாரியம் அந்தக் குடியிருப்புகளுக்குத் தனிக் கணக்கு வைத்திருந்ததும் இதனால்தான். குடிசைக்கு ஒரு விளக்கு என்ற இலவச இணைப்பு அதற்கும் பின்னால் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் கூடியது. 1957 ஜூலை 1 அன்று மின்சாரத் துறை சென்னை மாநில மின்சார வாரியமாக மாறியது. காமராஜர் முதலமைச்சர், தொழிலும் மின்சாரமும் ஆர். வெங்கட்ராமன் பொறுப்பில். வி.பி. அப்பாதுரை போன்ற பொறியாளர்கள் கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதைச் சொந்த வைராக்கியமாகவே எடுத்துக்கொண்டார்கள். குந்தாவில் கனடா நாட்டு உதவியோடு புதிய நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1960களின் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் இருந்த மின் பம்ப்செட்டுகளில் ஏறக்குறைய பாதி சென்னை மாநிலத்தில் இருந்தன. மற்ற மாநிலங்கள் நகரத்துக்கு வெளியே கம்பி இழுக்கத் தயங்கிய காலம் அது.

கம்பி இழுப்பதற்கு ஒரு விதி இருந்தது. ஆகும் செலவுக்கு ஈடாகக் குறைந்தபட்ச வருமானம் வரவேண்டும். ஒற்றைக் கிணற்றுக்காக மைல் கணக்கில் போஸ்ட் நட மாட்டார்கள். பத்துக் கிணறு சேர்ந்து கேட்டால் நடுவார்கள். ஆகவே மின்சாரம் வேண்டும் என்கிறவர் முதலில் பக்கத்துத் தோட்டக்காரர்களைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. "நீங்களும் ஒரு சர்வீஸ் எழுதிக் கொடுங்க மாமா, லைன் நம்ம பக்கம் திரும்பிரும்" என்கிற மாதிரியான பேச்சுகள் அந்தக் காலத்துத் திண்ணைகளில் நடந்திருக்கும். போஸ்ட் யார் வரப்பில் நிற்பது, ஸ்டே கம்பி யார் காட்டில் இறங்குவது, டிரான்ஸ்பார்மர் எந்த மூலையில் வைப்பது என்பதெல்லாம் ஊருக்குள் பேசித் தீர்க்கப்பட்டவை. இன்று உலக நிறுவனங்களின் அறிக்கைகள் சமூகப் பங்கேற்பு என்று பெரிதாக எழுதுகிற சமாச்சாரம், எந்தப் பெயரும் இல்லாமல் அன்றே நடந்துகொண்டிருந்தது.

இந்தியாவில் வேறு சில இடங்களில் அதற்கு முறையான அமைப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1930களில் ரூஸ்வெல்ட் காலத்தில் விவசாயிகளே சேர்ந்து நடத்திய மின் கூட்டுறவுகள் பண்ணைகளுக்கு மின்சாரம் கொண்டுபோயின. அதே மாதிரியில், 1969-இல் தொடங்கிய கிராம மின்மயக் கழகத்தின் கடன் உதவியோடு, அன்றைய ஆந்திரத்தின் சிர்சில்லாவிலும் கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் மகாராஷ்டிரத்தின் முளா-பிரவராவிலும் கூட்டுறவுச் சங்கங்கள் கம்பி இழுத்து மின்சாரம் விற்றன. உறுப்பினர்தான் வாடிக்கையாளர், வாடிக்கையாளர்தான் முதலாளி. முளா-பிரவரா கடனில் மூழ்கி உரிமத்தை இழந்தது. ஹுக்கேரி தாக்குப்பிடித்தது. தமிழ்நாட்டில் அந்த மாதிரி வேரூன்றவில்லை. வாரியமே எல்லா ஊருக்கும் போய்விட்ட இடத்தில் சங்கம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். அதனால் ஊருக்குக் கம்பி வேகமாகக் கிடைத்தது. அந்தக் கம்பியின்மேல் ஊருக்கு எந்தப் பிடியும் கிடைக்கவில்லை.

பிடி இல்லாதவர்கள் சாலைக்கு வந்தார்கள். வையம்பாளையத்து விவசாயி சி. நாராயணசாமி நாயுடு கட்சி சாராத விவசாயிகள் சங்கத்தைக் கட்டியபோது அவர் கையில் எடுத்த முதல் பெரிய பிரச்சினை மின்கட்டணம்தான். 1970-இல் கட்டண உயர்வை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கட்டணத்தில் சிறு குறைப்பு கிடைத்தது. 1972-இல் மறுபடி உயர்வு, மறுபடி கிளர்ச்சி. மாட்டு வண்டிகள் நகரத்தை அடைத்தது அப்போதுதான். நகரத்துக்குப் பாலும் காய்கறியும் போவதை நிறுத்தினார்கள். ஜூலை 5 அன்று மாநிலத்தின் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் இறந்தார்கள். விவசாயச் சங்கங்கள் அந்த நாளை இன்றும் உழவர் தினமாக அனுசரிக்கின்றன. பேச்சுவார்த்தையில் அரசு கட்டணத்தைச் சற்று இறக்கியது.

அந்தப் பைசாக் கணக்கை இன்றைக்குக் கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த விவசாயிக்கு மின்சாரம் கடன் வாங்கிப் போட்ட முதலீட்டின் கடைசிக் கண்ணி. கிணற்றை ஆழப்படுத்தக் கடன், மோட்டாருக்குக் கடன், பருத்திக்கும் கரும்புக்கும் விலை யார் கையிலோ. எல்லாச் செலவும் யார் யாரோ முடிவு செய்வது. இந்த ஒன்றுக்கு மட்டும் முடிவு செய்பவரின் முகவரி தெரிந்திருந்தது. அதனால் கோபமெல்லாம் அங்கே போனது.

எழுபதுகளின் இறுதியிலும் கிளர்ச்சிகள் தொடர்ந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் கட்டண பாக்கி, கடன் வசூல், ஜப்தி என்று மோதல் முற்றியது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. அதே ஆண்டு டிசம்பரில் நாராயணசாமி நாயுடு மறைந்தார். 1990-இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதை விரிவாக்கியது. 2003-இல் ஜெயலலிதா அரசு இலவசத்தை நிறுத்திப் பார்த்தது. கட்டணத்தைக் கட்டுங்கள், சிறு விவசாயிகளுக்கு மணியார்டரில் உதவி வரும் என்றது. 2004 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த சில நாட்களில் இலவசம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அதைத் தொட எந்தக் கட்சியும் துணியவில்லை.

இலவசம் சரியா தவறா என்ற பட்டிமன்றத்தில் பெரும்பாலும் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. இலவசம் வந்தபோது மீட்டர் போனது. பம்ப்செட் அறையில் மீட்டர் இருந்த காலத்தில் ரீடிங் எடுக்க ஒருவர் வருவார். அவரிடம் லோ வோல்டேஜ் என்று சொல்லலாம், போஸ்ட் சாய்ந்திருப்பதைக் காட்டலாம், பில்லைக் காட்டிச் சண்டை போடலாம். காசு கட்டுபவருக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. மீட்டர் போனபின் வாரியத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருந்த ஒரே காகிதமும் போயிற்று. எவ்வளவு மின்சாரம் கிணறுகளுக்குப் போகிறது என்பது மதிப்பீடானது. மோட்டார்களின் குதிரைத்திறனைப் பெருக்கிக் கணக்கிட்டு அரசு வாரியத்துக்கு மானியம் தந்தது. கம்பியில் வீணாவது எது, கிணற்றில் செலவானது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. நட்டம் எங்கே என்று தெரியாத இடத்தில் பழுது பார்க்கும் பணம் எப்படிப் போய்ச் சேரும்?

கம்பி அதற்குள் கிழடு தட்டத் தொடங்கியிருந்தது. அறுபதுகளில் 3 எச்.பி., 5 எச்.பி. மோட்டார்களுக்காக இழுத்த தாழ்வழுத்தக் கம்பிகள் அவை. நீர்மட்டம் இறங்கியதும் திறந்த கிணற்றுக்குள் ஆழ்துளை போட்டார்கள். அதற்கும் கீழே இறங்கியதும் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். பதிவேட்டில் 5 எச்.பி. என்றிருக்கும் இடத்தில் 10 எச்.பி. ஓடும். ஒரு டிரான்ஸ்பார்மரில் சர்வீஸ்கள் கூடிக்கொண்டே போயின. கடைசிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும், காயில் சூடாகும், எரியும். கிராமத்து பஸ் நிறுத்தத்துக்கு அருகில் டீக்கடைக்கு அடுத்தபடியாக வைண்டிங் கடை இருக்கிறதென்றால் காரணம் இதுதான். குறைந்த வோல்டேஜிலும் ஓடும்படி மோட்டாரைச் சுற்றித் தருவதில் அந்தக் கடைக்காரர்கள் தேர்ந்தவர்கள். ஒவ்வொரு விவசாயியும் தன் மோட்டாரைக் காப்பாற்றச் செய்த உபாயம் பொதுக்கம்பியின் சுமையை இன்னும் ஏற்றியது.

மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்தபோது அதற்கும் ஊரில் வழி கண்டுபிடித்தார்கள். இருமுனை மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் மாட்டி மோட்டாரை ஓட்டினார்கள். வாரியம் தடை செய்தது; தடை செய்ததும் ஊர் கேட்டுக்கொண்டதா என்ன! இரவு முறையில் மின்சாரம் வருவதைப் பார்க்கக் கண் விழித்து, பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு வரப்பில் நடந்த காலத்தை ஆட்டோ ஸ்டார்ட்டர் முடித்துவைத்தது. இப்போது செல்போனில் கூப்பிட்டால் மோட்டார் ஓடும் ஸ்டார்ட்டர்கள் இருக்கின்றன. கோவைப் பட்டறைகள் இல்லையென்றால் இந்தக் கம்பி எப்போதோ பயனற்றுப் போயிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

டிரான்ஸ்பார்மர் எரிந்தால்தான் கதை சுவாரசியம். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி 48 மணி நேரத்துக்குள் மாற்றித் தரவேண்டும். விதி இருக்கட்டும். தண்ணீர் பாயாத கரும்பும் வாழையும் விதியைப் படிப்பதில்லை. அந்த டிரான்ஸ்பார்மரை நம்பிய தோட்டக்காரர்கள் கூடிப் பணம் வசூலித்து, டிராக்டரில் அதை ஏற்றிப் பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து ஏற்றிய ஊர்கள் எத்தனையோ. இந்தச் செலவு எந்த மானியக் கணக்கிலும் ஏறுவதில்லை. இலவச மின்சாரம் என்று நகரத்தில் பேசுகிறவர்களுக்கு வைண்டிங் செலவும் இந்த வசூலும் தெரிவதில்லை. புதிய இணைப்பு வேண்டுமென்றால் இலவச வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; அல்லது ரூ.10,000, ரூ.25,000, ரூ.50,000 என்று படிவைத்த சுயநிதித் திட்டத்தில் பணம் கட்ட வேண்டும். அவசரமென்றால் தட்கலில் 5 எச்.பி.க்கு ரூ.2.5 லட்சம். 2021-இல் ஒரு லட்சம் புதிய இணைப்புகளை அரசு அறிவித்ததே, தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களின் நீளத்தைக் காட்டியது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகள் இந்தக் கம்பிகளில் தொங்குகின்றன.

பழுதுக்கு மருந்து பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. தாழ்வழுத்தக் கம்பியைச் சுருக்கி, 11 கிலோவோல்ட் கம்பியைக் கிணறுகளுக்குப் பக்கம்வரை கொண்டுபோய், இரண்டு மூன்று மோட்டார்களுக்கு ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வைப்பது ஒரு வழி. அதே மின்சக்தியை 415 வோல்ட்டில் அனுப்புவதைவிட 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் ஏறக்குறைய 26-இல் ஒரு பங்காகக் குறையும். கம்பிச் சூட்டில் வீணாவது அதைவிடப் பல மடங்கு குறையும். சிறிய டிரான்ஸ்பார்மருக்கு இன்னொரு பலனும் உண்டு. ஐம்பது பேர் பங்கு போடும்போது யார் கூடுதலாக இழுக்கிறார் என்று தெரியாது. மூன்று பேர் பங்கு போடும்போது தெரிந்துவிடும். இன்னொரு வழி விவசாயத்துக்குத் தனி மின்தடம் (பீடர்) பிரிப்பது. வீடுகளுக்கு நாள் முழுவதும், கிணறுகளுக்கு முறைவைத்து என்று கொடுக்கலாம். பீடரில் மீட்டர் வைத்தால் மொத்தப் பயன்பாடும் தெரியும். ஒன்றிய அரசு 2021-இல் கொண்டுவந்த விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் இதற்கெல்லாம் பணம் உண்டு. பீடரில் மீட்டர் வைப்பதை ஊர் கண்டுகொள்ளாது. தோட்டத்து மோட்டாரில் மீட்டர் வைக்க வந்தால் ஊர் கூடிவிடும். கணக்குக்காகத்தான், பில்லுக்காக அல்ல என்று அதிகாரிகள் சொல்வதை 1972-ஐ நினைவில் வைத்திருக்கும் வட்டாரம் எளிதில் நம்பாது. அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். மீட்டர் வந்தால் பதிலுக்கு வோல்டேஜுக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பவருக்கு எழுத்தில் பதில் தர யாரும் முன்வந்ததில்லை.

கம்பியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிய வட்டாரமே கம்பியை எதிர்த்த விசித்திரமும் நடந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை 6,000 மெகாவாட்டைச் சுமந்து வருவதற்காகக் கொங்கு விளைநிலங்களில் உயர்கோபுரங்கள் எழும்பின. 2018 இறுதியில் ஊர் ஊராகக் காத்திருப்புப் போராட்டமும் உண்ணாவிரதமும் நடந்தன. வரப்பில் போஸ்ட் நட ஊரே பேசி இடம் கொடுத்த காலம் போய், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்து நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமலே கோபுரம் நிறுத்தும் காலம் வந்திருந்தது. கம்பி அவர்கள் கிணற்றுக்கு ஒரு யூனிட்டும் தராமல் தலைக்குமேல் போகும். கீழே தென்னை வைக்க முடியாது. நிலத்தின் விலை விழும். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்பது அன்று நடப்பில் இருந்த, ஒன்றிய மின்துறையின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். விவசாயிகள் முன்வைத்த மாற்று, சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்பது. நடக்காத காரியமல்ல, புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதி கேபிளாகவே பதிக்கப்பட்டது. ராய்கர் பாதைக்கோ அதைவிட உயர்ந்த அழுத்தம், மிக நீண்ட தூரம், செலவு வேறு என்று பதில் வந்தது. தொழில்நுட்பமாக அதில் நியாயம் இருந்தது. வரைபடம் முடிவான பிறகு வந்து சொன்னதில்தான் நியாயம் இல்லை.

இதே கோவை மாவட்டத்தில், நீலகிரி மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே இருக்கும் ஓடந்துறை ஊராட்சி வேறு மாதிரி யோசித்தது. 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகம், ஊராட்சியின் வருமானத்தை விழுங்குவது தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்குமான மின்கட்டணம் என்பதைக் கவனித்தார். உயிர்ப்பொருள் எரிவாயுக் கலன், சூரிய விளக்கு என்று சிறிய அளவில் தொடங்கினார்கள். 2006-இல் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி தன் பெயரிலேயே நிறுவியது. செலவு ரூ.1.55 கோடி. சேமிப்பிலிருந்து ரூ.40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஓர் ஊராட்சிக்கு அவ்வளவு கடன் தர வங்கியைச் சம்மதிக்க வைத்ததுதான் அதில் கடினமான பகுதியாக இருந்திருக்க வேண்டும்.

ஓடந்துறையில் காற்று போதாது; பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று உடுமலைப் பக்கம்தான் வலுவாக இருக்கிறது. ஆகவே ஆலை அங்கே, விளக்கு இங்கே. நடுவில் இருப்பது வாரியத்தின் கம்பி. காற்றாலை ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி செய்தது. ஊராட்சியின் அன்றைய தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சம் வாரியத்துக்கு விற்பனை. உலக வங்கியிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் பார்க்க வந்தார்கள். தன்னிறைவு பெற்ற கிராமம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சொல் கொஞ்சம் ஏமாற்றும். ஓடந்துறை கம்பியிலிருந்து விலகிப் போகவில்லை. கம்பியை வாரியத்தோடு சரிக்குச் சரியாக நின்று பயன்படுத்தியது. நுகர்வோராக மனுக் கொடுத்துக்கொண்டிருந்த ஊராட்சி, விற்பவராகப் பில் அனுப்பியது.

அதைப் பின்பற்றிக் காற்றாலை வாங்கிய ஊராட்சிகளின் வரிசை உருவாகவில்லை. எல்லா ஊராட்சியிலும் சேமிப்பு இல்லை, எல்லாத் தலைவர்களும் சண்முகம் இல்லை. அரசும் அந்த ஒரு ஊரைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டதே தவிர, அடுத்த ஊருக்குக் கடன் கிடைக்கும் வழியைச் சட்டமாக்கவில்லை.

மக்களிடம் கேட்பதற்கென்று இப்போது சட்டப்படி ஒரு இடம் உண்டு. 1999-இல் உருவான மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை மாற்றும் முன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என மூன்று நகரங்களில் நடந்தது. கோவைக் கூட்டத்தில் சிறு தொழில் முனைவோரும் விசைத்தறிக்காரர்களும் நிரம்பியிருந்தார்கள். நிலைக்கட்டணம் அவர்களை நேரடியாகத் தாக்குவது. பம்ப்செட் விவசாயிக்கு அங்கே பேசக் கட்டணம் என்று ஒன்று இல்லை. வோல்டேஜ் குறைவு, எரிந்த டிரான்ஸ்பார்மர், சாய்ந்த போஸ்ட் ஆகியவை கட்டண மனுவின் பக்கங்களில் வருவதில்லை. அவை கிராம சபைத் தீர்மானங்களில் வரும். ஆண்டுக்குச் சிலமுறை கூடும் கிராம சபையில் டிரான்ஸ்பார்மர் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, நகலை உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தத் தீர்மானத்துக்கு வாரியம் இத்தனை நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்ற விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.